'இங்கே' என்றால் எந்த வீடு?

எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒரு வழக்கம் உண்டு. இரவு பகலை அரை அரை மணி நேரமாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். யார் யார் வீட்டில் என்னென்ன பாரம் இருக்கிறதோ, அதையெல்லாம் அந்த நேரத்தில் ஆண்டவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நேரம் முடிந்ததும் அடுத்த குடும்பத்துக்கு ஒரு மிஸ்டு கால். இரண்டு முறை அடித்ததும் நிறுத்திவிட வேண்டும். அந்தப் பக்கம் எடுக்கவும் கூடாது. என் கையிலிருந்து விட்டேன், இனி உன் கையில் பிடி என்று அதற்குப் பொருள். எடுத்துப் பேசினால் ஊர்க்கதை வந்துவிடும் என்று பாஸ்டர் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

விடியற்காலை நாலரை மணியை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் கையைத் தூக்கினார். "ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு எப்படியும் எழுந்து குந்திக்கினு கீறேன் பாஸ்டர். பஸ் வர்ற வரைக்கும் கொசு கூடத்தான் பேசினு இருக்கேன். ஆண்டவரு கூடப் பேசினா இன்னா?" என்றார். சபையே சிரித்தது.

அப்போது அவர் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருந்தார். நாங்கள் குடியிருப்பது சேரப்பணஞ்சேரியில், முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி உள்ள வீடு. ஜெபக் குறிப்புகள் சபையின் வெப் பேஜில் வரும். பேர் போட மாட்டார்கள், ஊர் மட்டும் இருக்கும். மண்ணூரில் ஒரு தகப்பனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். தண்டலத்தில் ஒரு மகளுக்குக் கல்யாணம் கூடி வர வேண்டும். படப்பையில் ஒரு தாய்க்கு மூட்டு வலி தீர வேண்டும். அவர் போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். வாசித்த கையோடு அந்த வீட்டுக்காக ஜெபிப்பார். லைன் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசிப் பழகின தொண்டை. அவருக்கு மெல்லப் பேசவே வராது. ஆண்டவர் ஏதோ கன்வேயருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரிதான் கூப்பிடுவார்.

நான் அடுப்படியில் இருப்பேன். அந்தக் குரலை வைத்துத்தான் சமைப்பேன். மண்ணூர் வரும்போது பால் பொங்கும். தண்டலம் முடியும்போது சாதம் வடிக்கலாம். கடைசி ஆமென் கேட்கும்போது டிபன் பாக்ஸ் மூடியிருப்பேன். நான் தனியாக உட்கார்ந்து ஜெபித்ததில்லை. அவர் சொல்லச் சொல்ல, கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஆமென் போட்டுக்கொண்டே இருந்தேன். அதுதான் என் ஜெபம். இப்போது நினைத்தால், ஒரு மனுஷிக்கு அதைவிட என்ன வேண்டும் என்று தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. சீக்கிரம் முடிங்க, பஸ் வந்துடும் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு அவருக்குக் கண் போயிற்று. ஒரே நாளில் போகவில்லை. ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துவிட்டது, காய்ந்தது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்தது. கண் வரவில்லை. ஆண்டவரே ஏன் என்று நான் கேட்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். கேட்டேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் கேட்டேன். பதில் வராவிட்டாலும் ஆண்டவரை விட்டுப் போக எனக்கு வேறு இடம் தெரியாது.

அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்னுடையது. பஸ் நாலே முக்காலுக்கே வந்துவிடும்.

நாலரையை மட்டும் அவர் விடவில்லை. நான் குறிப்புகளை வாசிப்பேன், அவர் ஜெபிப்பார். நான் எட்டாவது வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பாதியிலேயே பஸ் ஹாரன் அடிக்கும்.

ஒருநாள் அப்படித்தான் மண்ணூருக்கான ஜெபத்தை முடிக்கும்போது ஹாரன் கேட்டது. நான் செருப்பைத் தேடினேன்.

"படப்பை அம்மா இன்னா ஆனாங்க?" என்றார்.

"டைம் இல்லீங்க. நாளைக்குப் பாக்கலாம்."

"அந்தம்மா மூட்டு வலி நாளைக்கு வரைக்கும் வெய்ட் பண்ணுமா?"

நான் ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. எனக்குப் படப்பை அம்மாவைவிட இவரைப் பற்றித்தான் கவலை. குரல் இறங்கிக்கொண்டே போனது. லைன் சத்தத்தை ஜெயித்த தொண்டை, நான் பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்காத அளவுக்கு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. ஒரு தடவை கேட்டேன். "நீ படிச்சா அது உன் ஜெபம்மே. நான் சும்மா ஆமென் சொல்றவன்" என்றார். அத்தனை வருஷம் நான் அடுப்படியில் செய்த வேலைதான் அது. அது அவருக்குப் போதவில்லை.

அந்த நாட்களில் போனைப் பேச வைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது. கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமான ஒருவர், அவருக்கும் பார்வை கிடையாது, போனிலேயே எல்லாம் சொல்லிக்கொடுத்தார். திரையில் விரல் வைத்துத் தள்ளினால் அங்கே இருப்பதை ஒரு பெண் குரல் வாசிக்கும். இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். முதல் வாரம் எங்கள் வீட்டில் அந்தப் பெண்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இவ, என்னைவிட ஜாஸ்தி பேசறா?" என்று நான் கேட்டேன்.

"இவ திட்ட மாட்டா" என்றார்.

வெகுநாள் கழித்து அன்றுதான் அவர் சிரித்தார்.

நான் பஸ்ஸுக்குப் போன பிறகு, மீதி வீடுகளை அவரே போனில் கேட்டு ஜெபிக்க முயன்றார். எங்கள் சபைப் பேஜ்தான் வழி விடவில்லை. நான் ஒரு வாரவிடுமுறை நாளில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவர் விரலைத் தள்ளுகிறார். "இங்கே, இணைப்பு" என்கிறது போன். மறுபடி தள்ளுகிறார். "இங்கே, இணைப்பு." மறுபடி. "இங்கே, இணைப்பு."

கண்ணால் பார்க்கிற எனக்கு அது புதிராக இல்லை. பேஜில் ஊர் பெயர் இருக்கும், அதன் கீழே இரண்டு வரி ஜெபம், பிறகு 'முழு விவரம் அறிய இங்கே' என்று இருக்கும். இங்கே என்ற எழுத்தைத் தொட்டால் அந்த வீட்டின் குறிப்பு திறக்கும். மண்ணூருக்குக் கீழே உள்ள இங்கே மண்ணூருடையது, தண்டலத்துக்குக் கீழே உள்ளது தண்டலத்துடையது. கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும். போன் லிங்க்கை விட்டு லிங்க் தாவும்போது ஊரைச் சொல்வதில்லை. இங்கே, இங்கே, இங்கே என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. எந்த வீடு என்று இவருக்கு எப்படித் தெரியும்?

"எல்லா டப்பாவிலயும் ஒரே டேக் மாட்டின லைன் மாதிரி கீது" என்றார். "உள்ள நட்டு கீதா, ஸ்க்ரூ கீதான்னு தொறந்துதான் பாக்கணும்."

திறந்தால் இன்னொரு கஷ்டம். குறிப்பு புதிய பக்கத்தில் திறக்கும், பழைய பக்கம் அதன் பின்னாலேயே நிற்கும். அப்படித் திறந்தது என்று போன் சொல்லாது. படித்து முடித்துப் பின்னால் போக பட்டனைத் தட்டினால் பேஜே மூடிக்கொண்டு வேறு எங்கோ போய் நிற்கும். மறுபடியும் தலையிலிருந்து தொடங்க வேண்டும். அவர் ஒரு தந்திரம் செய்தார். நான் வாசித்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு, முதல் இங்கே மண்ணூர், அடுத்த இங்கே தண்டலம், அதற்கடுத்தது படப்பை என்று எண்ண ஆரம்பித்தார்.

அதில்தான் வந்தது வினை. நான் கிளம்பின பிறகு ஒருநாள் புதுக் குறிப்பு ஒன்று மேலே ஏறிவிட்டது. எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. தண்டலம் என்று நினைத்து அவர் திறந்த இங்கே மண்ணூருடையதாகி இருந்தது. அந்த மண்ணூர்க் குறிப்பையும் அப்போதுதான் மாற்றி, ஒருவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று போட்டிருந்தார்கள். இவர் தண்டலத்து வீட்டில்தான் ஆபரேஷன் என்று நம்பி, மனம் உருகி ஜெபித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தண்டலத்துக்காரர் வந்து இவர் கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொன்னார். கல்யாணப் பெண்ணின் அப்பா. குரலை வைத்து யார் என்று தெரிந்துகொண்ட இவர், அந்தக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"பயப்படாதீங்க பிரதர். கர்த்தர் கூட கீறார். கத்தி வச்ச உடனே கல்லு வெளிய வந்துடும். ரெண்டே நாள்ல வூட்டுக்கு வந்துடலாம்."

"யாரு வூட்டுக்கு?" என்றார் அவர்.

"பேஷன்டுதான்."

"இன்னா பிரதர் இது! எம்பொண்ணுக்குக் கல்யாணம். மாப்ளைய கல்லுன்றீங்களா?"

வாசலே சிரித்தது. யாரோ, "மாப்ளைய பாத்துட்டுத்தான் சொல்றாரோ இன்னாவோ" என்றார்கள். தண்டலத்துக்காரரும் நல்லவர்தான், அவரும் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார். நான் பக்கத்தில் இருந்தேன், பிடித்திருந்த கையை இவர் விட்டுவிட்டதைப் பார்த்தேன்.

அன்று பாஸ்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு மனம் வராமல்தான் சொன்னார். "பிரதர், நாலரை மணி பாரத்தை வேற யாராச்சும் ஏத்துக்கறாங்களான்னு கேட்டுப் பாக்கட்டா? நீங்க உங்க மனசுல தோணினதை ஜெபிங்க. குறிப்பு பாத்து ஜெபிக்கணும்னு இல்லையே." இவர் மாதக் கடைசி வரை டைம் குடுங்க பாஸ்டர் என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சொன்னார். "கண்ணு போச்சு, வேலை போச்சு. சரி. இதுவும் போச்சுன்னா காலையில எதுக்கும்மே எழுந்துக்கணும்?"

நான் அந்த ராத்திரி அந்தக் கேள்வியோடுதான் படுத்தேன்.

சபைப் பேஜைப் பார்த்துக்கொள்வது மண்ணூரில் இருக்கும் ஒரு சிஸ்டர். செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் வேலை. சம்பளமில்லாமல், ஊழியம் என்று செய்கிறாள். சங்கிலியில் எங்களுக்கு அடுத்த ஐந்து மணி அவளுடையது. இவர் கொடுக்கும் மிஸ்டு கால் அவள் போனில்தான் அடிக்கும். அவளிடம் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிறே மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். "அண்ணா கால் கொஞ்ச நாளா லேட்டா வருது, சில நாள் வரவே இல்ல. தூங்கிட்டாருன்னு நினைச்சேன் அக்கா" என்றாள்.

"தூங்கல, தொலஞ்சு போயிட்டேன். உன் பேஜுலதான்" என்றார் இவர்.

இங்கே விஷயத்தை அவள் கேட்ட உடனே பிடித்துக்கொண்டாள். "ஐயோ, எனக்கு இது தோணவே இல்ல அண்ணா. இங்கேன்றதை எடுத்துட்டு, லிங்க்லயே ஊரையும் விஷயத்தையும் போட்டுடறேன். அதே பக்கத்துலயே தொறக்கற மாதிரி பண்ணிடறேன். பின்னால வந்தா விட்ட எடத்துலயே நிப்பீங்க."

"அது மட்டும் இல்லம்மா. இதைக் கேளு."

போனில் பேசும் அந்தப் பெண்ணுக்குத் தலைப்பு விட்டுத் தலைப்பு தாவும் வித்தையும் தெரியும். நீளமான பேஜாக இருந்தால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், தலைப்பை மட்டும் தொட்டுத் தொட்டுப் போய் வேண்டிய இடத்தில் நிற்கலாம். இவர் விரலைத் தள்ளினார்.

"ஆண்டவர், தலைப்பு" என்றது போன்.

தள்ளினார்.

"கர்த்தர், தலைப்பு."

"ஆண்டவரே, தலைப்பு."

"இயேசுவின், தலைப்பு."

சிஸ்டர் வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. ஆண்டவர் பேரைத்தானே சொல்கிறது, நல்லதுதானே என்றுதான் நினைத்தேன். அவள்தான் விளக்கினாள். பேஜ் எழுதும் இடத்தில் தலைப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் எழுத்து பெரிதாகும். ஆண்டவரின் நாமம் மற்ற எழுத்தோடு சின்னதாகக் கிடக்கக் கூடாது என்று, அது வரும் இடத்திலெல்லாம் அவள் தலைப்பைப் போட்டுச் சிவப்பும் பூசியிருக்கிறாள். பாஸ்டரும் பார்த்துவிட்டு, நாமம் உயர்ந்திருக்குது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். ஜெபக் குறிப்பில் வரிக்கு வரி ஆண்டவர் வருவார். ஆக வரிக்கு வரி தலைப்பு. மண்ணூர், தண்டலம் என்ற ஊர்களை மட்டும் வெறும் தடித்த கறுப்பு எழுத்தாக்கி விட்டிருக்கிறாள். பார்த்தால் அதுவும் தலைப்பு மாதிரிதான் இருக்கும். போனுக்கு அது தலைப்பு இல்லை.

"ஆண்டவர் பேர் சின்னதா இருந்தா மனசு கேக்கல அண்ணா. அதான் பெருசு பண்ணேன்."

"எனக்கு எங்கம்மா பெருசா கேக்குது? காதுல எல்லாம் ஒரே சைஸ்தான்" என்றார் இவர். "நான் தண்டலம் போகணும். ஒவ்வொரு அடிக்கும் ஆண்டவரே வழி மறிச்சிக்கினு நிக்கிறார். அவரத் தாண்டிப் போகவும் மனசு வரல. ஒவ்வொரு தடவையும் ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் போறேன். போய்ச் சேர்றதுக்குள்ள அரை மணி ஆயிடுது."

மூவரும் சிரித்தோம். இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆண்டவருடைய நாமத்துக்குப் போட்ட தலைப்பை எடுத்துவிட்டு மூட்டு வலிக்கும் கல்யாணத்துக்கும் தலைப்பு வைப்பதா? என் மாதிரியே சிஸ்டருக்கும் பயம். பாஸ்டரைக் கேட்காமல் செய்ய மாட்டேன் என்றாள்.

பாஸ்டரிடம் நாங்கள் மூவரும் போனோம். அவரும் யோசித்தார். "நாமத்தை இறக்கிட்டோம்னு யாராச்சும் மனசு புண்பட்டு இடறலடைஞ்சா?" என்றார்.

இவர் பேசினார். கண் போன பிறகு அவர் அப்படிக் குரல் எடுத்து நான் கேட்கவில்லை. "பாஸ்டர், ஆண்டவருக்கு டேக் எதுக்கு? அவருதான் எல்லா எடத்துலயும் கீறாரே. எந்த வூட்டுக்கு எந்த வழின்னு அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. டேக்க வூட்டு மேல மாட்டுங்க. நான் போய்ச் சேந்து அவரைக் கூப்பிட்டுக்கறேன்."

பாஸ்டர் சிஸ்டரைப் பார்த்துத் தலையாட்டினார். அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். தலைப்பு போடாமலேயே எழுத்தைப் பெரிதாக்கலாம், சிவப்பும் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு நாமம் முன்போலவே உயர்ந்து நிற்கும். இவருக்கு ஊர் ஊராக வழி கிடைக்கும்.

அந்த வாரம் முழுக்க அவள் ஷிப்ட் முடிந்து வந்து ஒவ்வொரு குறிப்பாகத் திருத்தினாள். திருத்தித் திருத்தி இவரிடம் கேட்டாள். "அண்ணா, இப்போ இன்னா சொல்லுது?" என்று போன் வரும். இவர் சரி பார்ப்பார். கம்பெனியில் கார் கதவைத் திறந்து மூடிப் பார்த்து அனுப்பின மாதிரியே. "மண்ணூர் ஓகே. தண்டலம் ஓகே. படப்பை வேற பக்கத்துல தொறக்குதும்மா, ரிஜெக்ட்" என்பார். அவள் அங்கே சிரிப்பது எனக்கு இங்கே கேட்கும்.

எல்லாம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. நாலரை ஆனதும், பழக்கத்தில் நான் போனை எடுத்து வாசிக்க உட்கார்ந்தேன். "நீ போய் உன் வேலையப் பாரும்மே" என்றார். எழுந்து அடுப்படிக்குப் போனேன். பால் வைத்தேன். முன்னறையில் போன் சொன்னது, "மண்ணூர், வேலை நிரந்தரமாக, தலைப்பு." பிறகு அவர் குரல் வந்தது.

"ஆண்டவரே!"

பழைய குரல். கன்வேயருக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். பால் பொங்கி வழிந்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை, கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆமென் போடவும் மறந்துவிட்டேன். மண்ணூர் தாண்டித் தண்டலம் வந்தது. தண்டலத்துப் பெண்ணின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு அவர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் அடித்தது.

நான் போக வேண்டும். படப்பை பாக்கி இருந்தது. இனி அதற்கு நான் தேவையில்லை. அவரே போய்ச் சேர்ந்துவிடுவார். கதவைச் சாத்தும்போது போன் படப்பையைச் சொல்வது கேட்டது. அவர் குரல் எழும்புவது கேட்டது. தெருமுனை வரை கேட்டது. பஸ் ஏறினதும் நின்றுவிட்டது.

எதற்காக இத்தனை நாள் ஏங்கினேனோ அது கிடைத்துவிட்டது. கிடைத்த அன்றிலிருந்து வேறு ஒரு ஏக்கம் பிடித்துக்கொண்டது. அந்தக் குரல் தினமும் ஒலிக்கிறது, நான் பாதியில் எழுந்து வந்துவிடுகிறேன். கடைசி ஆமெனைக் கேட்பதே இல்லை. நான் எழுத்துக் கூட்டி வாசித்த மாதங்களும் நினைவுக்கு வந்தன. நான் தப்பாக வாசித்தால் அவர் திருத்துவார். 'நிரந்தரம்' என்ற சொல் என் வாயில் நுழையாது, ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுப்பார். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் அதற்கு முன்னால் ஜெபித்ததில்லை. அதற்குப் பிறகும் இல்லை. பேஜ் சரியானதில் எனக்குச் சந்தோஷம். என்னை விட்டுவிட்டு அது சரியானதில் கொஞ்சம் வருத்தம். இப்படி ஒரு மனம். ஆண்டவர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு சிஸ்டர் ஓடி வந்து சொன்னாள். "அக்கா, அண்ணா கால் டாண்ணு அஞ்சு மணிக்கு வந்துடுது. ஒருநாள்கூட மிஸ் ஆகல." அவள் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இவர் தன் பாரத்தை முடித்த அந்த நிமிஷம் அவள் போனில்தான் அடிக்கிறது. நான் பஸ்ஸில், கேண்டீன் பெண்கள் தோளில் தோள் சாய்ந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

கேட்டுவிட்டேன். "அந்த அஞ்சு மணிய எனக்குக் குடுக்கிறியாம்மா?"

"உங்களுக்கா? நீங்க பஸ்ல இருப்பீங்களே அக்கா."

"பஸ்ல கண்ண மூடினா ஜெபம் பண்றனா தூங்கறனான்னு யாரு பாக்கப் போறாங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கும் அடுத்த மாசம் நைட் ஷிப்டு வருது அக்கா. எடுத்துக்கோங்க" என்றாள். பாஸ்டரிடம் அவளே சொல்லி மாற்றிக்கொடுத்தாள்.

இப்போது என் நேரம் பஸ்ஸில். சேரப்பணஞ்சேரி தாண்டி, கம்பெனி விளக்குகள் வரிசையாக வர ஆரம்பிக்கும் இடத்தில் பெரும்பாலும் அடிக்கும். மடியில் போன் அதிரும். திரையில் எங்கள் வீட்டு நம்பர். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். மண்ணூர் போயிருக்கிறார், தண்டலம் போயிருக்கிறார், படப்பை அம்மாவின் மூட்டு வரை போய் வந்துவிட்டார். கடைசி ஆமென் சொல்லியாயிற்று. எடுத்து அந்தக் குரலை ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று தினமும் கை போகிறது. எடுப்பதில்லை. வழக்கம் என்றால் வழக்கம்தான். மணி நின்றதும் பேஜைத் திறந்து, ஊர் ஊராகப் போய், எனக்குத் தெரிந்த மாதிரி ஜெபிக்கிறேன். இப்போது நிரந்தரம் என்று தப்பில்லாமல் சொல்கிறேன்.

ஒரு விஷயம் பாஸ்டருக்குத் தெரியாது. எல்லாருடைய காலும் இரண்டு முறை அடித்து நிற்கும். இவருடையது மூன்று முறை அடிக்கும்.

"எதுக்குங்க மூணு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணு தெரியாதவம்மே. கட் பண்ற பட்டனைத் தேட வாணாமா?" என்றார்.

அந்தப் போனில் அவர் விரல் எவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியும். மறுநாளும் பஸ்ஸில் மூன்றாவது மணி முடிகிற வரை போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன்.